நாற்பது நிமிடம் அசையாதே!

கண்ணாடியின் மேல் ஒரு சொட்டு விழுந்தது.

சிவப்பு!

ஃப்ரேம் கடைக்காரர் கண்ணாடி அறுக்கும் கையை நிறுத்தினார். தலையைத் தூக்கிப் பலகைக் கூரையைப் பார்த்து மனதாரத் திட்டினார். மாடியில் இருப்பவர் ஓவியர். பத்து வருடமாகப் பலகை இடுக்கு வழியே நீலம், பச்சை, மஞ்சள் என்று எதையாவது ஒழுக விடுகிறவர். இன்றைக்குச் சிவப்பின் முறை போலிருக்கிறது.

"சார்... பாத்து ஊத்துங்க. கீழயும் மனுஷன் இருக்கான்."

பதில் இல்லை. கூப்பிட்ட குரலுக்குப் பதில் சொன்னால் அவர் என்ன ஓவியர்?

மணி இரண்டு. கடைக்காரர் மேஜையை இரண்டடி தள்ளிப் போட்டுவிட்டுச் சாப்பிடப் போனார்.

திரும்பி வந்தபோது மூன்று. சொட்டு காய்ந்திருந்தது. தின்னர் நனைத்த துணியால் தேய்த்தார்... போகவில்லை. இன்னும் கொஞ்சம் தின்னர் ஊற்றித் தேய்த்தார்... அசைவதாக இல்லை. எரிச்சலில் பக்கத்திலிருந்த தண்ணீரை ஊற்றித் துடைத்தார்.

சுத்தமாகப் போய்விட்டது.

ஆயில் பெயிண்ட் தண்ணீருக்குப் போகாது. முப்பது வருட அனுபவத்தில் ஒருமுறைகூடப் போனதில்லை. கடைக்காரர் ஈரத் துணியைப் பார்த்தார். கூரையைப் பார்த்தார். அங்கே அந்த ஒற்றை இடுக்கு முழுக்கச் சொட்டுகள் வரிசையாகத் தொங்கிக்கொண்டிருந்தன.

அவர் மாடிப்படிகளை இரண்டிரண்டாகத் தாண்டினார். கதவைத் தள்ளினார்.

அவர் போட்ட அலறலில் எதிர்வரிசைக் கடைகள் நான்கும் காலியாகி, கூட்டம் தெருவுக்கு வந்துவிட்டது.

* * *

"எது பெயிண்ட்டு, எது ரத்தம்னே தெரியல சார்" என்றார் ஏட்டு.

"காயறப்ப தெரியும். கால வைக்காதய்யா" என்றார் இன்ஸ்பெக்டர்.

புது ஷூ கடித்துக்கொண்டிருந்ததால் அவருடைய கோபத்துக்கு இன்று தனிக் காரணம் தேவைப்படவில்லை.

பெரிய கூடம். தெற்கே ஒரு நீள ஜன்னல். ஜன்னல் வெளிச்சம் விழும் இடத்தில் கைப்பிடி இல்லாத ஒரு மர நாற்காலி. அதன் முன்னால் ஓவியர் குப்புறக் கிடந்தார். பின்மண்டையில் மூன்று அடி. முதல் அடியிலேயே உயிர் போயிருக்கும். மீதி இரண்டும் ஆத்திரத்துக்கு அடித்தவை. மூன்றாவது அடியில் எலும்பு உள்ளே போய், முடியும் ரத்தமும் ஒன்றாக உறைந்திருந்தன. பக்கத்தில் ஒரு குறடு. கான்வாஸை இழுத்துப் பிடித்து ஆணி அடிக்க உதவும், அகல வாய் வைத்த இரும்புக் குறடு. இரண்டு கிலோவாவது இருக்கும்.

ரத்தம் நாற்காலியைச் சுற்றி ஓடி, பலகை இடுக்கில் இறங்கி, கீழே கடைக்காரரின் கண்ணாடிக்கு வழி கண்டுபிடித்திருந்தது.

சுவரோரம் ஒரு கான்வாஸ். வெள்ளையாக, ஒன்றும் வரையாமல் நின்றது.

போலீஸ் போட்டோகிராபர் எல்லாவற்றையும் படம் பிடித்தார். ஏட்டு அலமாரியிலிருந்த பாட்டில், டப்பா, பெட்டி ஒவ்வொன்றையும் திறந்து, மோந்து, மூடினார். மதியம் சாப்பிடாத மனிதர்.

"எல்லாத்தையும் திறந்து பாத்தாச்சு சார். சாப்பிடற மாதிரி... சந்தேகப்படற மாதிரி ஒண்ணும் இல்ல."

"எதுக்கும் எல்லாத்தையும் கட்டி ஸ்டேஷனுக்கு எடுத்துட்டு வா."

ஃப்ரேம் கடைக்காரர் படியில் உட்கார்ந்து விவரம் சொன்னார். இந்த மாடிக்கு ஏறுபவர்கள் மொத்தம் மூன்று பேர். ஓவியர். போட்டோகிராபரான அவர் மனைவி. அப்புறம் தரை துடைக்க வரும் ஆள். வேறு யாரும் வருவதில்லை, வந்தால் படிச் சத்தம் தன் தலையில்தான் கேட்கும் என்றார். ஆனால் இன்று பன்னிரண்டிலிருந்து ஒன்றேமுக்கால் வரை மெஷினில் மரம் அறுத்ததால் எந்தச் சத்தமும் காதில் விழவில்லையாம்.

"புருஷன் பொண்டாட்டி எப்படி?"

கடைக்காரர் தயங்கினார். நேற்றுச் சாயங்காலம் பெரிய சண்டை நடந்ததாம். அந்தம்மா கத்தினதில் இரண்டு வரி மட்டும் அச்சடித்த மாதிரி நினைவிருக்கிறதாம்.

"'அந்த மனுஷனுக்கு நான் வாக்கு குடுத்திருக்கேன். அவரை ஏமாத்தினா நான் இந்த வீட்டுல இருக்க மாட்டேன்'னு சொன்னாங்க சார்."

இன்ஸ்பெக்டரின் புருவம் ஏறியது. புருஷன், பொண்டாட்டி, இன்னொரு மனுஷன்! இதற்கு மேல் ஒரு போலீஸ்காரருக்கு என்ன வேண்டும்?

தரை துடைக்கும் ஆள் படிக்கட்டின் கடைசியில் வாளியும் கையுமாக நின்றார். ஐம்பது வயது இருக்கலாம். காலையில் துடைத்துவிட்டுப் போய்விட்டேன், ஒன்றும் தெரியாது என்று மெதுவாகச் சொன்னார். இன்ஸ்பெக்டர் விலாசம் எழுதிக்கொண்டு அனுப்பினார். ஜீப்பில் ஏறும்போது அந்த ஆளின் முகத்தை நினைத்துப் பார்த்தார். மூக்கு எப்படி இருந்தது? மீசை இருந்ததா? ஒன்றும் நினைவுக்கு வரவில்லை. சில முகங்கள் அப்படி.

அப்போது ஒரு ஆட்டோ வந்து நின்றது.

இறங்கியவள் முப்பத்தைந்து வயதுக்காரி. விரல் நுனிகளில் போட்டோ கழுவும் மருந்தின் கறை. கூட்டத்தைப் பார்த்ததும் கேள்வியே கேட்காமல் மேலே ஓடினாள். கணவனைப் பார்த்தாள். அங்கேயே உட்கார்ந்தாள். அழுகை வரவில்லை. வாய் மட்டும் திறந்து திறந்து மூடியது.

இன்ஸ்பெக்டர் குறடைச் சுட்டிக் காட்டினார்.

"குறடுல உங்க கைரேகை இருக்குமாம்மா?"

"இருக்கும். காலையில அந்த கான்வாஸ நான்தான் இழுத்துக் கட்டினேன்."

"அப்ப கிளம்புங்க."

* * *

அந்தத் தம்பதி செய்த கலையைப் பற்றி இங்கே நாலு வரி சொல்லியாக வேண்டும். இல்லாவிட்டால் கொலையே புரியாது.

மனைவி போட்டோ எடுப்பாள். கேமராவில் அல்ல... உள்ளே கறுப்பு அடித்த ஒரு தகர டப்பாவில். லென்ஸ் கிடையாது. ஊசியால் குத்திய ஒரே ஓட்டை. உள்ளே போட்டோக் காகிதம். ஓட்டையை மூடிய கறுப்பு டேப்பை எடுத்துவிட்டால், வெளிச்சம் உள்ளே போய் மெல்லப் படம் பதியும். அதற்கு நாற்பது நிமிடம் ஆகும். நாற்பது நிமிடமும் எதிரே உட்கார்ந்திருப்பவர் ஆடக்கூடாது, அசையக்கூடாது. அசைந்தால் படத்தில் அவர் இருக்க மாட்டார்.

அந்தப் படத்தைக் கதவளவு கான்வாஸில் அச்சடிப்பார்கள். அதன்மேல் கணவன் வண்ணம் பூசுவார். பூசிப் பூசி, ஆள் யாரென்று தெரியாமல் போனதும் நிறுத்துவார். ஒரு காது மிஞ்சும். இல்லை, அரை உதடு. முகத்தை எடுத்துவிட்டால் மனிதனிடம் என்ன மிச்சம் என்பதுதான் கேள்வியாம். கேள்வி நன்றாகத்தான் இருக்கிறது. முகத்தைப் பறிகொடுத்தவனிடம் யாரும் கேட்கவில்லை!

'பன்னிரண்டு பேர்' என்று தொடருக்குப் பெயர். தையல்காரர், கப்பல் சமையல்காரர், ஓய்வு பெற்ற நீதிபதி... பன்னிரண்டு படங்களும் நகரக் கண்காட்சிக் கூடத்தில் தொங்குகின்றன. நாளை திறப்பு விழா. இன்று நண்பகலிலிருந்து அவள் அங்கேதான் படம் மாட்டிக்கொண்டிருந்தாள். ஆனால் கூடவே யாருமில்லை. காவலாளியும் வாசலைவிட்டு உள்ளே வரவில்லை.

அதாவது சாட்சி இல்லை.

* * *

"யாரும்மா அந்த மனுஷன்?" ஸ்டேஷனில் இன்ஸ்பெக்டர் மூன்றாவது முறையாகக் கேட்டார்.

அவள் மூன்றாவது முறையாக வாயை இறுக்கிக்கொண்டாள்.

"சொல்லலேன்னா ராத்திரிக்குள்ள ரிமாண்ட். அப்புறம் உங்க புருஷனுக்குக் கொள்ளி வைக்கறதைக்கூட நீங்க பாக்க முடியாது."

அவள் முகம் துடித்தது. இன்ஸ்பெக்டர் மேஜையில் போலீஸ் போட்டோக்களைச் சீட்டுக்கட்டு போலப் பரப்பினார். பிணம். குறடு. நாற்காலி. பாருங்கள், நன்றாகப் பாருங்கள் என்றார்.

அவள் பார்க்க மறுத்துத் தலையைத் திருப்பினாள். பிறகு மெதுவாகப் பார்த்தாள். நாற்காலிப் படத்தைக் கையில் எடுத்தாள். எடுத்து... தலைகீழாகத் திருப்பினாள்!

"என்னம்மா பண்றீங்க?"

"டப்பாக்குள்ள படம் தலைகீழாத்தான் விழும். எனக்கு இப்படிப் பாத்தாதான் தெரியும்." குரல் மாறிவிட்டது. "சார்... ரத்தத்த பாக்காதீங்க. ரத்தம் இல்லாத இடத்த பாருங்க."

இன்ஸ்பெக்டர் எழுந்து அவள் தோளுக்குப் பின்னால் வந்து நின்றார். நாற்காலியைச் சுற்றி எங்கும் ரத்தம். நடுவில் இரண்டு இடம் மட்டும் வெறும் பலகை. நீள்வட்டமாக, பக்கம் பக்கமாக, நுனியில் ஐந்து ஐந்து சிறு வளைவுகளோடு...

"கால்!" என்றார் ஏட்டு.

"ரெண்டு வெறுங்கால். தரையில சாக்பீஸ்ல கோடு போட்டிருப்போம், உக்கார்றவங்க காலை வைக்க. அந்தக் கோட்டுக்குள்ள, ஒரு நூல் தப்பாம வச்சிருக்கு. ரத்தம் ஓடி வந்து, காலைச் சுத்திப் போய், உறையற வரைக்கும் அந்தக் கால் அசையவே இல்ல."

கொலை செய்துவிட்டு ஓடாமல், பிணத்தின் முன்னால் நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறான் ஒருவன். கடைக்காரர் கீழேயிருந்து கத்தியபோதும் அவன் மேலேதான் உட்கார்ந்திருந்தான்.

அவள் செருப்பைக் கழற்றி, ஒரு காகிதத்தில் தன் காலை வைத்துக் காட்டினாள். போட்டோவில் இருந்த காலுக்குப் பக்கத்தில் அது குழந்தைக் கால்.

"சரி, உக்காந்தது நீங்க இல்ல. பன்னெண்டு பேர்ல எவன்?" என்றார் இன்ஸ்பெக்டர்.

அவள் கண்களை மூடினாள். இதைச் சொன்னால் பத்து வருட உழைப்பு, செத்துப்போனவரின் பெயர், எல்லாம் குப்பைக்குப் போகும். சொல்லாவிட்டால் அவள் ஜெயிலுக்குப் போவாள்.

"பன்னெண்டு பேர் இல்ல சார். ஒருத்தர்தான்."

"என்னது?"

"தையல்காரர், நீதிபதி எல்லாம் நாங்க கட்டின கதை. பன்னெண்டு படத்துலயும் உக்காந்தது ஒரே ஆள். முன்னாடி ஒரு துணிக்கடை வாசல்ல பொம்மை மாதிரி நிக்கற வேலை பாத்தவர். உள்ள மனுஷன் இருக்கான்னே யாருக்கும் தெரியாது. 'சிலை'ன்னுதான் கூப்பிடுவாங்க. மூச்சு விடறதுகூடத் தெரியாம உக்காருவார். எங்க ரகசியம் வெளிய போகக் கூடாதுன்னு, தரை துடைக்கறவர்னு சொல்லி வச்சோம்."

இன்ஸ்பெக்டருக்கு வாளி நினைவுக்கு வந்தது. இப்போதும் முகம் வரவில்லை.

"அவருக்கு என்ன வாக்கு குடுத்தீங்க?"

"பதிமூணாவது படம் அவரோடது. பெயிண்ட் அடிக்க மாட்டோம். அவர் முகம், அவர் பேர். அதுக்காகத்தான் ரெண்டு வருஷம் உக்காந்தார். நேத்து என் வீட்டுக்காரர் மனசு மாறிட்டார். பதிமூணாவது வெறும் நாற்காலியா இருக்கட்டும், அதான் கலைன்னார். நான் கெஞ்சினேன், கத்தினேன். 'நானே அவன்கிட்ட சொல்லிக்கறேன்'னுட்டார்." குரல் உடைந்தது. "சொல்லியிருக்கார்."

இன்ஸ்பெக்டர் ஷூவைக் கழற்றிவிட்டு யோசித்தார். கோர்ட்டில் வக்கீல், அவன் வந்தபோதே பிணம் கிடந்தது, பயத்தில் உறைந்துபோய் உட்கார்ந்துவிட்டான் என்பான். உட்கார்ந்தான் என்பதாலேயே கொன்றவன் ஆகிவிட மாட்டான். இன்னும் வலுவாக ஏதாவது வேண்டும்.

அவளுடைய பார்வை மூலையில் குவிந்திருந்த பறிமுதல் சாமான்களில் நின்றது. ஒரு தகர டப்பா. ஓட்டை மேல் கறுப்பு டேப். டேப்பின் ஓரத்தில் பழுப்பாகக் காய்ந்த ஒரு விரல் தடம்.

"சார், வெறும் நாற்காலியப் படம் எடுக்க, ஒன்றரை மணிக்கு அவர் அந்த டேப்பை எடுத்திருப்பார். அந்த வெளிச்சத்துல எடுக்கறதுக்காகத்தான் காத்திருந்தார். நாற்பது நிமிஷம் கழிச்சு யாராவது மூடணும். அவர் செத்துட்டார். மூடினது யாரு?"

ஏட்டு எச்சில் விழுங்கினார்.

"கொலைகாரன் மூடியிருக்கான். ரத்தக் கையோட. படம் கெட்டுடக் கூடாதுன்னு." அவள் எழுந்து நின்றுவிட்டாள். "அவன் முகம் அந்த டப்பாக்குள்ள இருக்கு!"

* * *

மாடிக் கூடத்தின் பின்பக்கம் அவளுடைய இருட்டறை. ஒரு பீரோவைவிடக் கொஞ்சம் பெரியது. சிவப்பு விளக்கு. அவளும் இன்ஸ்பெக்டரும் தோளோடு தோள் இடித்துக்கொண்டு நின்றார்கள். ஏட்டு எதையோ சொல்ல வாயெடுத்தார். அப்புறம் வெளியே காவல் நிற்கிறேன் என்று போய்விட்டார்.

அவள் டப்பாவிலிருந்து காகிதத்தை எடுத்தாள். ஒரே ஒரு காகிதம். அவள் உயிர் அதில்தான் இருந்தது. மருந்துத் தட்டில் வழுக்கிவிட்டு, தட்டை மெதுவாக ஆட்டினாள்.

பத்து விநாடி... இருபது விநாடி...

காகிதத்தின் ஓரம் கறுக்க ஆரம்பித்தது. பிறகு நடுவில்...

அவள் கை நின்றது. இன்ஸ்பெக்டரை நிமிர்ந்து பார்த்தாள். அவர் காகிதத்தைப் பார்த்தார். நீண்ட நேரம் பார்த்தார்.

"கழுவி உறையில போடுங்க" என்றார் தணிந்த குரலில். "நாம ரெண்டு பேரைத் தவிர யாருக்கும் தெரிய வேண்டாம்."

அந்த நேரம் பார்த்து அவருடைய போன் அடித்தது.

கண்காட்சிக் கூடத்துக் காவலாளி. பேசவில்லை. மூச்சிரைத்தார். உள்ளே ஒருத்தன் கத்தியோடு புகுந்து படங்களைக் கிழிக்கிறான், தடுத்த தன்னையும் கிழித்துவிட்டான் என்று சொல்லி முடிப்பதற்குள் போன் கீழே விழுந்த சத்தம் கேட்டது.

"நானும் வர்றேன்" என்றாள் அவள். "அவரை என்னைத் தவிர யாருக்கும் அடையாளம் தெரியாது."

அது உண்மைதான் என்பதில் இன்ஸ்பெக்டருக்கு வெட்கமாக இருந்தது.

* * *

கூடத்தின் வாசலில் காவலாளி சுவரில் சாய்ந்து கிடந்தார். முன்கை மணிக்கட்டிலிருந்து முழங்கை வரை பிளந்திருந்தது. ஏட்டு தன் பெல்ட்டைக் கழற்றி அந்தக் கையை இறுக்கிக் கட்டினார்.

உள்ளே தின்னர் நெடி மூக்கைத் துளைத்தது.

சிலை வேலையில் இருந்தார். ஒரு கையில் பெயிண்ட் சுரண்டும் நீளக் கத்தி, இன்னொரு கையில் நனைந்த துணி. ஏழு படங்களைச் சுரண்டி முடித்திருந்தார். கான்வாஸ் பல இடங்களில் கிழிந்து தொங்கியது. வண்ணத்துக்கு அடியிலிருந்து வெளியே வந்திருந்தன... ஒரு கண், ஒரு மோவாய், ஒரு நெற்றி. கப்பல் சமையல்காரரின் மூக்கும் நீதிபதியின் மூக்கும் ஒரே மூக்கு.

"கத்தியக் கீழ போடு!" இன்ஸ்பெக்டர் துப்பாக்கியை நீட்டினார்.

சிலை திரும்பவே இல்லை. எட்டாவது படத்துக்குப் போனார். இன்ஸ்பெக்டர் கூரையைப் பார்த்துச் சுட்டார். விளக்குக் கண்ணாடி பொலபொலவென்று கொட்டியது. சிலையின் தலையில் விழுந்து ரத்தம் வழிந்தது. அவர் கண்கூட இமைக்கவில்லை.

"அண்ணே..." என்று அவள் இரண்டடி முன்னால் போனாள்.

அதுதான் தப்பு!

நாற்பது நிமிடம் அசையாத மனிதர் அரை விநாடியில் பாய்ந்தார். அவள் கூந்தல் அவர் இடது கையில். கத்தி அவள் கழுத்தில். தோல் பிரிந்து ஒரு மெல்லிய கோடாக ரத்தம் இறங்கி அவள் சட்டைக் காலரை நனைத்தது.

"போட்டோ எங்கம்மா?" குரல் எப்போதும்போல் மெதுவாகவே இருந்தது. "டப்பா திறந்திருந்துச்சு. எனக்குத் தெரியும். அதனாலதான் உக்காந்தேன். அவர் வெறும் நாற்காலி போதும்னார். 'நீ இல்லாததுதான் அழகு'ன்னார். அடிச்சேன். விழுந்தார். பாத்தா டேப் எடுத்திருக்கு. இந்த ஒரு படத்துல பெயிண்ட் அடிக்க ஆளில்லைன்னு தோணுச்சு. உக்காந்துட்டேன்."

"இங்க இருக்குய்யா" என்று இன்ஸ்பெக்டர் சட்டைப் பையிலிருந்து உறையை எடுத்தார். "நீ உக்காந்தது உள்ளதான் இருக்கு. அவங்கள விடு."

சிலையின் கண்கள் முதன்முறையாகப் பளபளத்தன.

"நல்லா வந்திருக்கேனா?"

எதிரே துப்பாக்கி. கையில் ஒரு பெண்ணின் கழுத்து. அந்த மனிதருக்குத் தெரிய வேண்டியது அது ஒன்றுதான்.

இன்ஸ்பெக்டர் பதில் சொல்வதற்குள் கத்தி இன்னும் கொஞ்சம் அழுந்தியது. அவளுக்குக் கண் இருட்டிக்கொண்டு வந்தது. சாகப் போகிறோம் என்று தெரிந்தது. ஆனாலும் இரண்டு வருடமாக, பன்னிரண்டு முறை சொன்ன அதே குரலில், கொஞ்சமும் ஏற்ற இறக்கம் இல்லாமல் சொன்னாள்.

"அண்ணே, மோவாய தூக்குங்க. வெளிச்சம் ஜன்னல் பக்கம்."

சிலையின் மோவாய் உயர்ந்தது.

"தோளை இறக்குங்க. வலது கை இடது மணிக்கட்டு மேல."

கூந்தலைப் பிடித்திருந்த கை தானாக விட்டது. கத்திக் கை கழுத்தை விட்டு இறங்கி, வயிற்றின் முன்னால், இடது மணிக்கட்டின்மேல் படிந்தது. கத்தி இன்னும் விரல்களில்தான் இருந்தது.

"அசையாதீங்க. டேப் எடுக்கறேன். ஒண்ணு... ரெண்டு... மூணு..."

எண்ணிக்கொண்டே அவள் பின்னால் நகர்ந்தாள். நாலு... அஞ்சு... சிலை நின்றார். நெற்றியிலிருந்து ரத்தம் கண்ணுக்குள் இறங்கியது. துடைக்கவில்லை. ஏட்டு பக்கவாட்டில் ஊர்ந்து வந்தார். ஆறு... ஏழு...

முதல் விலங்கு மாட்டிய 'கிளிக்' சத்தத்தில் சிலை விழித்துக்கொண்டார்!

விலங்கு மாட்டிய கையாலேயே ஏட்டின் மூக்கில் ஒன்று விட்டார். எலும்பு நொறுங்கும் சத்தம் கூடம் முழுக்கக் கேட்டது. கத்தி ஏட்டின் வயிற்றை நோக்கி இறங்கியது. இன்ஸ்பெக்டர் துப்பாக்கிப் பிடியை அந்த மணிக்கட்டில் முழு பலத்தோடு இறக்கினார். எலும்பு முறிந்தது. கத்தி தரையில் விழுந்தது. இரண்டாவது அடி காதோரம். சிலை முழங்காலில் சரிந்தார்.

இரண்டாவது விலங்கும் பூட்டியது.

* * *

ஆம்புலன்ஸ் காவலாளியை ஏற்றிக்கொண்டு போனது. அவள் கழுத்தில் பஞ்சை அழுத்திப் பிடித்தபடி படங்களுக்கு அடியில் ஒட்டியிருந்த பன்னிரண்டு பொய்ச் சீட்டுகளையும் ஒவ்வொன்றாகக் கிழித்தாள். அப்புறம்தான் அழுதாள். கணவனுக்காகச் சத்தம் போட்டு அழுதாள்.

"நாங்க உங்களுக்குச் செஞ்சது தப்புதான்" என்றாள் சிலையிடம். "அதுக்கு நீங்க செஞ்சத நான் சாகற வரைக்கும் மன்னிக்க மாட்டேன்."

சிலை கேட்ட மாதிரித் தெரியவில்லை. அவர் கண் இன்ஸ்பெக்டரின் சட்டைப் பையிலேயே இருந்தது.

"சார்... அந்தப் போட்டோ. ஒரு தடவை காட்டுங்க."

இன்ஸ்பெக்டர் உறையைப் பிரித்து, காகிதத்தை அவர் முகத்துக்கு நேராகப் பிடித்தார்.

ஓரத்துக்கு ஓரம் கறுப்பு!

நாற்காலி இல்லை. பிணம் இல்லை. யாருமே இல்லை.

"நான் எங்க?" என்றார் சிலை.

"இருந்தீங்க. வெளிச்சம் பட்டு மொத்தமும் கறுத்துப்போச்சு." இன்ஸ்பெக்டர் மெதுவாகத் திரும்பினார். "மாடிக் கூடத்துல ஒவ்வொரு டப்பாவையும் யாரோ திறந்து பாத்திருக்காங்க. இல்லியா ஏட்டு?"

ஏட்டு உடைந்த மூக்கைக் கைக்குட்டையால் பொத்திக்கொண்டு தரையைப் பார்த்தார்.

"டப்பா மேல பிஸ்கட் படம் போட்டிருந்துச்சு சார்..."

சிலை அந்தக் கறுப்புக் காகிதத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். டேப்பில் விரல் தடம், தரையில் கால் தடம், இத்தனை பேர் முன்னால் கொடுத்த வாக்குமூலம்... எதுவும் அவரை உலுக்கவில்லை. அந்தக் காகிதம் உலுக்கியது. உதடு பிதுங்கியது.

"அப்ப... எனக்குன்னு ஒரு போட்டோகூட இல்லியா சார்?"

"ஏன் இல்ல? ஸ்டேஷன்ல எடுப்போம். நேரா ஒண்ணு, பக்கவாட்டுல ஒண்ணு. மேல பெயிண்ட் அடிக்க மாட்டோம். கீழ உங்க பேரையே எழுதுவோம்."

சிலையின் முகம் மலர்ந்தது. ரத்தம் வழியும் மோவாயை நிமிர்த்திக்கொண்டார்.

"எவ்வளவு நேரம் சார் அசையாம உக்காரணும்?"

இன்ஸ்பெக்டர் கடித்துக்கொண்டிருந்த ஷூவைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு ஜீப்பை நோக்கி நடந்தார்.

"போட்டோவுக்கு ரெண்டு செகண்டு போதும்ய்யா. அதுக்கப்புறம்... ஒரு பதினாலு வருஷம்!"